இழுத்த கால் மரபு

பேரவைக் கட்டடத்துக்குள் நுழைகிற எவரும் வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். கழற்றிய செருப்பின் பக்கத்தில் நிற்கும் காவலர், அது கழற்றியவருடைய செருப்புத்தானா என்று விசாரிப்பார். ஆமாம் என்று உடனே சொல்லிவிட்டால், இவ்வளவு அவசரமாகச் சொல்வானேன் என்று யோசிப்பார். தயங்கிச் சொன்னால் தயக்கத்துக்குக் காரணம் கேட்பார்.

விசாரணைக்கு அழைக்கப்பட்டு வந்த பஸ் ஓட்டுநர் ஒருவர் அன்று தயங்கினார். அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் சொன்னபடி கேட்காமல் போனபின், வலது செருப்பு நழுவாமலிருக்க அவர் மனைவி குதிகாலில் ஒரு பட்டை தைத்துக் கொடுத்திருந்தாள். இடது செருப்பில் பட்டை இல்லை.

"ரெண்டும் ஒரே ஆளோடதா?" என்றார் காவலர்.

"ஒரே ஆளோடதுதான் சார். காலுதான் ரெண்டு மாதிரி."

காவலர் இதை மேலிடத்துக்குத் தெரிவித்தார்.

ஒகினாவாத் தீவின் பழைய கராத்தே கட்டாக்களை மாசுபடாமல் காப்பதற்காக நிறுவப்பட்டது பாரம்பரியக் கட்டா தூய்மைப் பேரவை. கட்டா என்பது எதிரே ஆள் இல்லாமலே, வரிசை பிசகாமல் செய்கிற அடிகளும் தடுப்புகளும் கொண்ட ஒரு கோவை. எதிரி இல்லாத பயிற்சி என்பதால், எதிரிகளைத் தேடுகிற பொறுப்பைப் பேரவை ஏற்றுக்கொண்டிருந்தது. அதில் ஒரு தூய்மைக் குழு உண்டு. ஒரு சந்தேகக் குழு உண்டு. சந்தேகக் குழுவின் மேல் ஒரு கண் வைத்திருக்க, பெயர் வெளியிடப்படாத இன்னொரு குழுவும் உண்டு. கட்டாவைக் குருவிடம் மட்டுமே கற்க வேண்டும், வீடியோ பார்த்துக் கற்றால் அது திருட்டு என்பது பேரவையின் முதல் விதி.

ஓட்டுநர் வீடியோ பார்த்துத்தான் கற்றிருந்தார்.

அவர் திருட நினைத்துத் தொடங்கியதல்ல அது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லித் தரும் பெண், "ரெண்டு பக்கமும் மாறி மாறி வேலை செய்யணும். மெதுவா, வரிசையா, தினமும். அது எதுவா இருந்தாலும் சரி" என்று சொல்லி அனுப்பினாள். மருந்துக்கடையில் பில் போடுகிற அவர் மனைவி, கடையில் கூட்டம் குறைந்த நேரங்களில் போனில் தேடிப் பார்த்தாள். வெறும் மரத்தரை போட்ட ஓர் அறையில், ஒகினாவாக்காரர் ஒருவர், வயதானவர், நைஹான்ச்சி என்ற கட்டாவைச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டவர்போல, பக்கவாட்டிலேயே போவதும் வருவதுமான கட்டா அது.

"நம்ம நடைக்கு அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி. அவர்கள் வீட்டு வாசலுக்கு வெளியே இருந்த நடையில் இரண்டு பேர் எதிர்ப்பட்டால் ஒருவர் திரும்பிப் போக வேண்டும்.

செருப்பு அலமாரியின் மேல் போனைச் சாய்த்து வைத்து, பாதி வேகத்தில் ஓடவிட்டார்கள். இடது பாதம் வலதைத் தாண்டிப் போகும், வலது பாதம் விலகி ஊன்றும், கை விரியும், முழங்கை ஒரு அடி அடிக்கும், தலை இடப்பக்கம் திரும்பும். சரியாக அந்த இடத்தில் ஒரு மெத்தை விளம்பரம் குறுக்கே வரும். ஓட்டுநர் இடப்பக்கம் பார்த்தபடியே சிலையாக நிற்பார். மனைவி குந்தி உட்கார்ந்து, விளம்பரத்தைத் தள்ளிவிடும் பொத்தான் தோன்றும்வரை விரலை நீட்டிக்கொண்டு காத்திருப்பாள். தள்ளிவிட்டதும் கட்டா தொடரும். கொஞ்ச நாளில் விளம்பரம் வராவிட்டாலும் அவர் அங்கே நின்றார், அவளும் குந்தினாள். உடம்பு அப்படிப் பழகிவிட்டது.

கட்டாவின் பிற்பகுதியில் ஒரு காலைச் சட்டென்று உள்ளே தூக்கி, கரையைத் தொட்டுத் திரும்பும் அலைபோல, பழைய இடத்திலேயே வைக்க வேண்டும். இடது கால் அதைச் செய்தது. வலது கால் தரையோடு தரையாக இழுபட்டுப் போய் வந்தது. அந்தக் கால் தூக்கப்பட வேண்டும் என்பதுதான் அந்த வீட்டின் ஒரே பிரார்த்தனை. டெப்போ டாக்டர் பார்த்து, கால் சரி என்று சொன்னால்தான் அவருக்கு மறுபடியும் ஸ்டியரிங். இல்லையென்றால் டெப்போவில் உட்கார்த்தி வைத்துவிடுவார்கள்.

மாடிவீட்டு ஆசிரியை ஒருநாள் படியிறங்கும்போது இதைப் பார்த்து, கண் கலங்கி, வீடியோ எடுத்தாள். இவரைப் போல் கால் விழுந்தவர்களுக்குத் தைரியம் வரட்டுமே என்ற நல்லெண்ணத்தில் எல்லோரும் பார்க்கும்படி போட்டாள். நல்லெண்ணம் எங்கெல்லாம் போய்ச் சேரும் என்பது போடுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. அது பேரவைக்குப் போய்ச் சேர்ந்தது.

நீண்ட மேசைக்குப் பின்னால் தலைவர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சீருடை, நைந்த கறுப்பு பெல்ட். பெல்ட் நைந்திருந்தால் பயிற்சி அதிகம் என்று பொருள் என்பதால், பேரவை உறுப்பினர்களுக்கு நைந்த பெல்ட்டே புதிதாக வாங்கித் தரப்பட்டது. பக்கத்தில் தலைமை ஆய்வாளர், ஒல்லியான மனிதர், ஓட்டுநரின் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க குரு யாரு?" என்றார் தலைவர்.

"எங்க வீட்டம்மாதான் சார். அவங்கதான் போனைப் பிடிப்பாங்க."

"அவங்களுக்கு யாரு மேல?"

"மருந்துக்கடை முதலாளி."

மூன்று குற்றங்கள் வாசிக்கப்பட்டன. வலது காலில் அலை எழவில்லை. வலது முஷ்டி இடுப்புக்கு வரவில்லை. முழங்கை அடிக்குப் பின் எந்தக் குருவும் சொல்லாத ஒரு மௌனம் இருக்கிறது. அந்த மௌனத்தின்போது இடப்பக்கம் ஒரு பெண் குந்துகிறாள்.

"எனக்குப் பக்கவாதம் சார்" என்றார் ஓட்டுநர். "மௌனம் வந்து, மெத்தை விளம்பரம்."

தலைமை ஆய்வாளர் எழுந்து ஜன்னல் வரை போய்த் திரும்பினார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"இப்படிச் சொல்லணும்னு உங்களுக்கு யாரு சொல்லிக் கொடுத்தது?"

"டாக்டர்தான் சார். ஸ்கேன்ல பாத்துட்டுச் சொன்னாரு."

"தலைவரே, கவனிக்கணும்" என்று ஆய்வாளர் குரலைத் தாழ்த்தினார். "அந்தக் காலத்துல ரகசியக் கட்டாவை வச்சிருந்தவன் பிடிபட்டா என்ன சொல்வான்? எனக்கு ஒண்ணும் தெரியாது, உடம்பு சரியில்லைன்னுதான் சொல்வான். இவர் அதையேதான் சொல்றார். இது தப்பாச் செய்யற நைஹான்ச்சி இல்லை. நமக்குக் கிடைக்காமப் போன நைஹான்ச்சி. கால் இழுக்கறது, கடல் வடியற அலை!"

"இல்லீங்க சார், நெஜமாவே கால்…"

"எவ்வளவு உறுதியா மறுக்கறார் பாருங்க."

தலைவர் தம் நைந்த பெல்ட்டை இறுக்கிக் கட்டிக்கொண்டார். பிறகு பேசினார்.

"தம்பி, இந்தக் கலை இன்னிக்கும் உயிரோட இருக்குன்னா, அதுக்குக் காரணம் நாங்க யாரையும் நம்பாததுதான். எனக்கு முந்தி இருந்த தலைவரை நான் நம்பல. அவரும் என்னை நம்பல. அந்தப் பரஸ்பர மரியாதையிலதான் பேரவை வளர்ந்துச்சு. எனக்குக் கட்டா தெரியுமான்னு இன்னிக்கு வரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல. கேட்டா, உங்களுக்குத் தெரியுமான்னு நான் திருப்பிக் கேப்பேன்னு அவங்களுக்குத் தெரியும். இதுக்குப் பேருதான் கட்டுப்பாடு."

அப்போது பக்கத்து அறையிலிருந்து மெத்தை விளம்பரத்தின் பாட்டு கேட்டது. யாரோ அவசரமாகக் கதவைச் சாத்தினார்கள். மேசைக்குப் பின்னால் இருந்த எல்லோரும் ஒரே சமயத்தில் தண்ணீர் குடித்தார்கள்.

ஓட்டுநரைக் கண்காணிக்கச் சந்தேகக் குழு ஓர் ஆளை அனுப்பியது. ஐம்பது வயது தாண்டிய, கனத்த உடம்புக்காரர். வெயிலானாலும் மழையானாலும் குடையோடு எதிர்ப்பக்க நடைபாதையில் நின்றதால் அந்தக் குடியிருப்பில் அவருக்குக் குடைக்காரர் என்று பெயர் வந்தது. இரண்டாம் நாள் ஓட்டுநரின் மனைவி ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சாலையைக் கடந்தாள்.

"அண்ணே, சந்தேகப்படறதுக்கு நின்னுக்கிட்டேதான் படணுமா? உக்காந்து படுங்க. டீயில சர்க்கரை போடலாமா, கூடாதா?"

"பாதி போடுங்கம்மா" என்றார் அவர். அதற்குள் அவருடைய அலுவல் முகம் கலைந்துவிட்டது.

லிஃப்ட் பழுதான நாளில், ஓட்டுநர் படிக்கட்டின் அடியில் நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தபோது, குடைக்காரர் குடையை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தோளைக் கொடுத்தார். மாடிக்குப் போகும்வரை இருவருக்கும் மூச்சு வாங்கியது. அன்று மாலை பேரவையில் அவர் சொன்ன தகவல் இதுதான்: ஓட்டுநர் படியேறும்போதும் காலை இழுக்கிறார், மிக இயல்பாக இருக்கிறது. இவ்வளவு இயல்பாக இருப்பது சந்தேகத்துக்குரியது என்று குழு முடிவு செய்தது.

அடுத்த கூட்டத்தில் பேரவை ஒரு தீர்மானம் செய்தது. இழுத்த காலே ஆதி மரபு. இதுவரை காலைத் தூக்கியவர்கள், அறியாமல் தூக்கியதாகக் கருதி மன்னிக்கப்படுவார்கள். முழங்கை அடிக்குப் பின் மௌனம் கட்டாயம். மௌனத்தின்போது இடப்பக்கம் ஒருவர் குந்தி, விரலைத் தரையில் வைக்க வேண்டும்.

"அது நான் விளம்பரத்தைத் தள்ளி விடறதுங்க!" என்றாள் மனைவி.

"சொல்லிப் பாத்தேன்மா" என்றார் ஓட்டுநர். "அதுக்கு ஒரு அர்த்தம் கண்டுபிடிச்சிட்டாங்க. பூமிகிட்ட அனுமதி கேக்கறதாம்."

ஓட்டுநருக்கு மூல ஆசான் என்று பட்டம் கொடுத்தார்கள். கூடத்தின் முன்னால் கைவைத்த நாற்காலி போட்டார்கள். அவர் உள்ளே வந்தால் மாணவர்கள் எழுந்து நின்றார்கள். அவர் இருமினால்கூட யாரோ கவனமாகக் கேட்டார்கள்.

இதை எழுதும்போது அவரைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. நோய் வந்த நாளிலிருந்து, வீட்டுக்கு வருகிறவர்கள் அவரை வைத்துக்கொண்டே, "இவர் சாப்பிடறாரா? இவருக்குப் புரியுதா?" என்று மனைவியிடம் கேட்டுவிட்டுப் போனார்கள். ஒரு பஸ் நிறைய ஆட்களைத் தினமும் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்த்த மனிதர், சொந்த வீட்டில் ஒரு மூட்டைபோல உட்கார்ந்திருந்தார். அவருக்கு மரியாதை பசித்தது. பசித்தவர் தட்டில் விழுந்தது எதுவென்று பார்க்காமல் சாப்பிட்டுவிட்டார். அவ்வளவுதான்.

இதற்கிடையில் கடவுள் தம்முடைய வேலையை அவசரமில்லாமல் செய்துகொண்டிருந்தார். ஒரு காலை, நடையில் கட்டா ஓடிக்கொண்டிருந்தபோது, அலை வரவேண்டிய இடத்தில் வலது பாதம் தரையை விட்டு எழுந்தது. ஒரு சாணுக்கும் குறைவுதான். எழுந்து, திரும்பி, பழைய இடத்தில் ஊன்றியது.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். "இன்னொரு தடவை."

மறுபடியும் எழுந்தது. அவள் செருப்பு அலமாரியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். போன் சரிந்து விழுந்ததைக்கூடப் பார்க்கவில்லை.

ஆனால் பேரவைக்குப் போனபோது அவர் காலை இழுத்தார். முதலில் கூடத்துக்குள் மட்டும் இழுத்தார். பிறகு, யாராவது பார்த்துவிட்டால் என்று, பேரவைத் தெருமுனையிலிருந்தே இழுத்தார். சில வாரங்களில் வீட்டுச் சமையலறைக்குத் தண்ணீர் குடிக்க வரும்போதும் கால் இழுபட்டது.

"என்னங்க, இந்தக் கால் வராததா, வரவிடாததா?"

அவர் தண்ணீர் டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார். அவளுக்கு முதல்முறையாகத் தன் கணவர் மேல் சந்தேகம் வந்தது. ஆஸ்பத்திரிப் பெண்ணிடம் கேட்டாள். "உடம்புக்கு நடிப்புன்னு தனியா ஒண்ணு தெரியாதுக்கா. இழுத்துக்கிட்டே இருந்தா அப்படியே நின்னுடும்" என்றாள் அவள்.

டெப்போ டாக்டரும் சந்தேகப்பட்டார். அவர் அறையில் ஓட்டுநர் நேராக நடந்து காட்டினார். டாக்டர் தன் போனைத் திருப்பிக் காட்டினார். அதில் பேரவை வெளியிட்ட வீடியோவில் ஓட்டுநர் காலை இழுத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து இழுக்கறீங்க, இன்னிக்கு நடக்கறீங்க. இதுல எது நெஜம்? ஆண்டு விழாவுல செஞ்சு காட்டப் போறீங்களாமே, நான் வந்து நேர்லயே பாக்கறேன். அங்க கால் இழுத்துச்சுன்னா ஸ்டியரிங்கை மறந்துடுங்க."

அதே வாரம் பேரவையும் அழைத்தது. மூல ஆசான் காய்கறிக் கடைக்கு எதிரே காலைத் தூக்கிச் சாலையைக் கடந்ததை ஒருவர் பார்த்துவிட்டார்.

"மரபை நீங்களே கெடுக்கலாமா?" என்றார் ஆய்வாளர் வேதனையோடு. "குணமாகறது உங்க சொந்த விருப்பம். அதைப் பேரவையோட அனுமதி இல்லாம செய்யறதுதான் தப்பு."

"லாரி வந்துச்சு சார்."

"லாரிகள் வரும். மரபு நிக்கணும். ஆண்டு விழாவுல இழுக்கலைன்னா, நீங்க எங்களை ஏமாத்தினதா அறிவிக்க வேண்டி வரும்."

விழா நாள் காலையில் மனைவி அவருடைய சீருடையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தேய்ப்புப் பெட்டியை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?"

"அங்க நான் பேசினா கேக்கறாங்கம்மா."

"நான் கேக்கலியா?"

"நீ பதில் பேசுவியே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். "எனக்கு மூல ஆசான் வேண்டாங்க. கீழ போய் ஒரு பாக்கெட் பால் வாங்கிட்டு வர்ற ஆளு போதும்."

அவர் சீருடையை வாங்கிக்கொண்டு போனார். அவள் சாமி படத்தின் முன் சற்று நின்றுவிட்டுப் பின்னாலேயே போனாள்.

கூடத்தில் வெள்ளைச் சீருடைகள் வரிசை வரிசையாக நின்றன. மூன்றாவது வரிசை நாற்காலியில் டெப்போ டாக்டர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மூல ஆசானின் இடப்பக்கம் குந்துகிற பொறுப்பு குடைக்காரருக்குத் தரப்பட்டிருந்தது. கண்காணிக்கப் போன இடத்தில் டீ குடித்தார் என்பது பெயர் வெளியிடப்படாத குழுவுக்குத் தெரிந்துபோய், விசுவாசத்தை நிரூபிக்க அவரும் காலை இழுத்துப் பயில வேண்டும் என்று உத்தரவாகியிருந்தது. நல்ல காலை இழுத்து இழுத்து அவருடைய வலது முழங்கால் தேங்காயளவு வீங்கியிருந்தது.

"அண்ணே, முடியுமா?" என்று ஓட்டுநர் உதடு அசையாமல் கேட்டார்.

"முடியாதுன்னு சொன்னா ஏன்னு கேப்பாங்க" என்றார் குடைக்காரர்.

கட்டா தொடங்கியது. இடது பாதம் தாண்டியது, வலது பாதம் ஊன்றியது, கை விரிந்தது, முழங்கை அடித்தது, எல்லாத் தலைகளும் இடப்பக்கம் திரும்பின. மௌனம். குடைக்காரர் குந்தி விரலைத் தரையில் வைத்தார். மௌனம் முடிந்தது. அவரால் எழ முடியவில்லை. கையை ஊன்றினார், முட்டி மடங்கி, ஒருபக்கமாகச் சாய்ந்து விழுந்தார். வரிசைகள் பக்கவாட்டில் அவரை நோக்கி நகர்ந்தன. நிற்பது கட்டாவை மாற்றுவதாகும் என்பதால் யாரும் நிற்கவில்லை. வரிசைகளுக்கு எதிர்முகமாக நின்ற ஓட்டுநரும் கட்டாவின் போக்கில் மறுபக்கம் நாலு எட்டு விலகிப் போயிருந்தார். அந்தக் கோடியிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

தான் என்ன செய்யப்போகிறோம் என்று அவர் யோசித்ததாகத் தெரியவில்லை. ஓடினார். வலது கால் முழுசாகத் தரையை விட்டு எழுந்து, எழுந்து, விழுந்தது. வரிசை வந்து முட்டுவதற்குள் குடைக்காரரின் அக்குளில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கினார்.

"மெதுவா… என் மேல சாஞ்சுக்குங்க. அவ்வளவுதான். வாங்க."

கைத்தாங்கலாக நடத்திப் போய், கூடத்தின் முன்னால் இருந்த ஒரே நாற்காலியில், மூல ஆசானின் நாற்காலியில், அவரை உட்கார வைத்தார். மண்டியிட்டு வீங்கிய காலை நீட்டிவிட்டார்.

"சார், நீங்க ஓடுனீங்க" என்றார் குடைக்காரர், வலியிலும்.

"ஓடினேனா?" என்று ஓட்டுநர் தன் காலைப் பார்த்தார்.

கூடத்தின் பின்னால் மனைவி முகத்தை முந்தானையில் புதைத்துக்கொண்டு நின்றாள்.

தலைவரும் ஆய்வாளரும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். ஏமாற்று என்று அறிவித்தால் கூடம் முழுக்க இழுத்த கால்களுக்குப் பதில் சொல்ல வேண்டிவரும். தலைவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"இன்று நாம் பார்த்தது விபத்து அல்ல. விபத்து என்று யாராவது நினைத்தால் அவர்களைப் பற்றி விசாரிக்கப்படும். இத்தனை காலம் முடிவில்லாமல் நாம் செய்துவந்த கட்டாவுக்கு முடிவு கிடைத்துவிட்டது. விழுபவரை ஓடிப்போய்த் தூக்கி, தன் இருக்கையில் உட்கார வைப்பது. இதை மூல ஆசான் இத்தனை நாள் நம்மிடமிருந்து மறைத்தார். நாம் சந்தேகப்பட்டதால்தான் அது வெளிவந்தது!"

கைதட்டல் எழுந்தது. விழ வேண்டியவரைத் தேர்ந்தெடுக்க ஒரு துணைக்குழுவும், அவர் உண்மையாகவே விழுந்தாரா என்று பார்க்க இன்னொரு துணைக்குழுவும் அங்கேயே அமைக்கப்பட்டன.

ஓட்டுநர் பெல்ட்டை அவிழ்த்து மேசைமேல் வைத்தார். "எனக்கு இது வேண்டாம் சார். வீட்டுக்கு நடந்து போகணும்."

"மூல ஆசான் துறவு பூணுகிறார்" என்று ஆய்வாளர் மெல்லச் சொல்லி, குறித்துக்கொண்டார்.

டெப்போ டாக்டர் அதற்குள் முன்னால் வந்து குடைக்காரரின் முட்டியை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிராமலே ஓட்டுநரிடம் சொன்னார்: "இதுக்கு ஐஸ் வைக்கணும், யாரையாவது அனுப்புங்க. நீங்க திங்கக்கிழமை வண்டியை எடுங்க. ஓடினதைப் பாத்துட்டேன்."

ஐஸ் வாங்க ஓட்டுநரே போனார்.

இப்போது அவர் பழைய தடத்திலேயே பஸ் ஓட்டுகிறார். பேரவையும் பழையபடியே இருக்கிறது. ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் ஒருவர் விழ, இன்னொருவர் ஓடித் தூக்குகிறார் என்று கேள்வி. இதில் நான் கண்ட நன்மை ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். போன வாரம் அந்த பஸ்ஸில் போனேன். சிக்னலில் ஓட்டுநர் பிரேக் போட, பை நிறையச் சாமான் வைத்திருந்த ஒரு பெரியவர் தடுமாறினார். அவர் விழுவதற்குள் வெள்ளைச் சீருடைக்காரன் ஒருவன் பாய்ந்து போய்த் தாங்கி, தன் இடத்தில் அவரை உட்கார வைத்து, பையை மடியில் எடுத்துக் கொடுத்தான். கொடுத்த பிறகுதான் புருவத்தைச் சுருக்கிக் கேட்டான்:

"ஐயா, நெஜமாவேதான் விழுந்தீங்களா?"

கேள்வி பிறகுதான் வந்தது. முன்பெல்லாம் அதுதான் முதலில் வரும்.